உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு வருஷம் படிச்சா என்ன வேலை?

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த வாரத்தில் சித்திரபுரம் பக்கம் எந்த அக்ஷயா மையத்தில் போய் நின்றாலும் ஒரே பேச்சுதான். போன வருஷம் எனக்கு முன்னால் நின்ற அம்மா, மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்த மார்க் லிஸ்டை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, பையனுக்கு ஐடிஐ போடவா, பிளஸ் ஒன் போடவா? ரெண்டுமே ரெண்டு வருஷந்தானே?” கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் “அது உங்க இஷ்டம்க்கா” என்றான். அவன் சொல்லாததை வரிசையில் நின்ற நாங்கள் சொன்னோம், ஆளுக்கு ஒரு பதில். வீட்டுக்கு வந்து விசாரித்தால் அதில் பாதி தப்பு. என்னுடையதும் சேர்த்துத்தான். அதனால் இந்த வாரம் முழுக்க ரெண்டு வருஷப் படிப்பு.

*

முதலில் ஊர்ப் பெருமை. சித்திரபுரம் என்ற பெயர் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மாவுடையது. அவர் காலத்தில்தான், 1940 மார்ச் 19 அன்று, கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் ஓடத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றுத் தண்ணீர், மொத்தம் 37.5 மெகாவாட். அங்கே பொறியாளர் எத்தனை பேர் இருந்தாலும், ஸ்பேனர் பிடிக்கவும் கேபிள் முனையைக் கட்டவும் ஒரு ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் வேண்டும். அந்த ரெண்டு டிரேடுமே ஐடிஐ-யில் ரெண்டு வருஷம்.

*

‘ரெண்டு வருஷக் காலேஜ்’ நமக்குப் புதுசில்லை. கேரளத்தில் ப்ரீ டிகிரி என்று ஒன்று இருந்ததே, அது அச்சாக ரெண்டு வருஷக் காலேஜ்தான். பத்து முடித்த பிள்ளை நேராகக் கல்லூரி வாசலில் நின்றது. 1990-களில் பிளஸ் டூ மெல்ல வந்து, நூற்றாண்டு திரும்பிய நேரத்தில் ப்ரீ டிகிரியைக் கல்லூரிகளிலிருந்து முழுசாக வெளியே அனுப்பியது. இன்றைக்கும் எஸ்டேட் ஆபீஸ் ஓய்வூதியக்காரர்கள் சிலர் “நான் பி.டி.சி.” என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும். மூணாறில் அரசுக் கல்லூரி வந்ததே 1995-ல்தான். அதற்கு முன்னால் படித்தவர்கள் மலை இறங்கித்தான் படித்தார்கள்.

(அந்தக் கல்லூரிக் கட்டடமும் 2018 மண்சரிவில் போயிற்று. அது வேறு சோகம்.)

*

அமெரிக்காவில் ரெண்டு வருஷக் கல்லூரிக்குத் தனிப் பட்டமே உண்டு: அசோசியேட் டிகிரி. அங்குள்ள அரசு சமுதாயக் கல்லூரிகளில் மிகப் பழையது இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் கல்லூரி, 1901. நம் பக்கம் சமுதாயக் கல்லூரி என்ற யோசனை 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வழியாகவும், 1996-ல் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் வழியாகவும் வந்தது. ஆனால் அசோசியேட் டிகிரி என்ற பெயர் இங்கே ஒட்டவில்லை. நம் ஊரில் ரெண்டு வருஷப் படிப்பென்றால் ஐடிஐ, டி.எல்.எட்., டி.ஃபார்ம்., ஏ.என்.எம்., லேப் டெக்னீஷியன் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் தனிக் கவுன்சில், தனிச் சான்றிதழ், தனிச் சண்டை.

*

ஐடிஐ எல்லாமே ரெண்டு வருஷம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இல்லை. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், மெஷினிஸ்ட், மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக், ஏசி மெக்கானிக், டிராஃப்ட்ஸ்மேன் சிவில் ஆகியவை ரெண்டு வருஷம். வெல்டர், பிளம்பர் ஒரு வருஷம். வேலை அறிவிப்புகளில் சில இடத்தில் ‘இரண்டு ஆண்டு சான்றிதழ்’ என்று தெளிவாகக் கேட்பார்கள். ஒரு வருஷ டிரேடு முடித்துவிட்டு அதற்கு விண்ணப்பித்தால் கட்டு பிரிக்காமலே திரும்பும்.

*

ஃபிட்டர் டிரேடில் சேர்ந்த பையன் முதல் சில வாரம் என்ன செய்வான் தெரியுமா? அராவுவான். கையளவு இரும்புத் துண்டு ஒன்றை வைஸில் இறுக்கிவிட்டு, அரத்தை ரெண்டு கையாலும் பிடித்து, முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தி, பின்னால் இழுக்கும்போது லேசாக விட்டு, நாள் முழுக்க. பிறகு ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பான். இரும்புக்கும் அளவுகோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் போச்சு, மறுபடி அராவு. தோள்பட்டை வலிக்கும், உள்ளங்கை காய்த்துப்போகும். இதைப் பார்த்துவிட்டு “இதுக்கா பத்தாவது பாஸ் பண்ணினே?” என்று கேட்கிற அப்பாக்கள் உண்டு. கை அளவு என்பது அங்கேதான் படிகிறது. அந்த இரும்புத் துண்டை ஒரு மாசம் கழித்துத் தடவிப் பார்த்தால் தெரியும்.

*

தேசிய டிரேடு சான்றிதழ் (என்.டி.சி. என்பார்கள்) இந்தியா முழுக்கச் செல்லும். கட்டப்பனையில் படித்தாலும் மலம்புழையில் படித்தாலும் போடி பக்கம் போய்ப் படித்தாலும் ஒரே மதிப்பு. ஒரே நிபந்தனை: நீங்கள் சேருகிற டிரேடுக்குத் தேசியத் தொழிற்பயிற்சி இணைப்பு (பழைய பெயரில் என்.சி.வி.டி.) இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு இருந்தால் போதாது, டிரேடுக்கு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் சித்தி மகன் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ரெண்டு வருஷம் ஏசி மெக்கானிக் படித்தான். எந்த ஊர், என்ன பெயர் என்பது வேண்டாம். வாசலில் பெரிய போர்டு, அரசு முத்திரை மாதிரி ஒரு படம். முடித்துவிட்டு அரசுப் பணித் தேர்வாணையத்துக்கு (பி.எஸ்.சி.) விண்ணப்பிக்கப் போனபோதுதான் அவன் கையிலிருந்தது அவர்களே அச்சடித்த காகிதம் என்று தெரிந்தது. படிப்பு பொய்யில்லை, வேலை நன்றாகவே தெரியும் அவனுக்கு. இப்போது எர்ணாகுளத்தில் ஒரு கடையில் இருக்கிறான். ஆனால் அரசு வேலை வாசலில் அந்த ரெண்டு வருஷம் பூஜ்யம்.

*

அக்ஷயா அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். ஐடிஐ-யும் பிளஸ் டூ-வும் ஒன்றா? கால அளவில் ஒன்று, வாசலில் இல்லை. ஐடிஐ முடித்தவர் பின்னால் பி.ஏ., பி.காம். சேர நினைத்தால் பிளஸ் டூ கேட்பார்கள். அதற்கும் ஒரு சந்து இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்கிற என்.ஐ.ஓ.எஸ். ஐடிஐ படிப்பின் மதிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, குறைவான பாடங்கள் எழுதி பிளஸ் டூ சான்றிதழ் வாங்க விடுகிறது. 2016-ல் போட்ட ஒப்பந்தம்.

ரெண்டும் ஒரே கல்லில் வேண்டுமென்றால் கேரளத்தில் வி.எச்.எஸ்.இ. இருக்கிறது. பிளஸ் டூ-வும் ஒரு தொழிலும் சேர்ந்தது, 1983–84-ல் தொடங்கியது. மூணாறிலேயே அப்படி ஒரு அரசுப் பள்ளி உண்டு.

*

2 + 2 + 3. ஐடிஐ ரெண்டு வருஷம் முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக ரெண்டாம் வருஷத்தில் சேரலாம். அதை முடித்தவர் பி.டெக்.கில் நேராக ரெண்டாம் வருஷம். மொத்தம் ஏழு. பிளஸ் டூ வழியாகப் போனால் 2 + 4, ஆறு. ஒரு வருஷம் கூடுதல்தான். ஆனால் நடுவில் எந்த வருஷம் வீட்டில் பணமுடை வந்தாலும், கையில் ஒரு சான்றிதழோடு இறங்கலாம். பி.டெக். மூணாம் வருஷத்தில் நின்றவன் கையில் என்ன இருக்கும்? அரியர் பட்டியல்.

*

ரயிலில் இன்ஜின் ஓட்ட டிகிரி தேவையில்லை. உதவி லோகோ பைலட் வேலைக்குப் பத்தாவதும் குறிப்பிட்ட டிரேடில் ஐடிஐ-யும் போதும். டிப்ளோமாக்காரர்களும் வரலாம். 2024 ஜனவரியில் 5,696 இடம் என்று அறிவித்தார்கள். ஜூன் மாதம் அதையே 18,799 ஆக்கினார்கள். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். அதன் மேல் அகவிலைப்படி, ஓடும் படி. கேள்வித்தாள் தமிழிலும் உண்டு.

கண்ணாடி போட்டவர்கள் மட்டும் இதைத் தாண்டிப் போங்கள். மருத்துவத் தகுதி ஏ-1. கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை, நிறக் குறைபாடு கூடாது, லேசர் அறுவை செய்துகொண்டு வந்தாலும் எடுக்கமாட்டார்கள். எழுத்துத் தேர்வில் நன்றாக மார்க் வாங்கிக் கடைசியில் இந்த இடத்தில் நின்றுபோனவர்கள் ஏராளம். விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு கண் டாக்டரைப் பார்ப்பது மலிவு.

*

ராக்கெட் விடுகிற இடத்திலும் இந்தச் சான்றிதழ் செல்லும். திருவனந்தபுரம் வி.எஸ்.எஸ்.சி. ‘டெக்னீஷியன்-பி’ என்று எடுக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யும் ஐடிஐ-யும் தகுதி. அடிப்படைச் சம்பளம் 21,700-ல் தொடங்கும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட். அந்த அராவுகிற பையன் ஞாபகம் இருக்கிறதல்லவா?

*

“ஐடிஐ-யில இருக்கேன்” என்று பாலக்காடு கஞ்சிக்கோட்டில் ஒருவர் சொன்னால் “படிக்கிறீங்களா, வேலை பாக்குறீங்களா?” என்று கேட்க வேண்டும். அங்கே ஐடிஐ என்றால் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையும்கூட.

*

படிப்பு முடிந்தவுடன் வேலை என்பது பாதி உண்மை. நடுவில் அப்ரன்டிஸ் என்று ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-ல் திருத்திய விதியில் ஐடிஐ முடித்த பயிற்சியாளருக்கு மாதக் குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போடுவோம். 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை, அந்தப் போராட்டத்துக்குப் பிறகு தினக் கூலி 232-லிருந்து 301 ஆனது. கேட்டது 500. மாதம் 26 நாள் கொளுந்து எடுத்தால், 301 கணக்கில், 7,826 ரூபாய். அதாவது 2019-ல் அப்ரன்டிஸ் பையனுக்கு விதித்த குறைந்தபட்சம், நாலு வருஷம் முந்தி அவன் அம்மா வாங்கிய கூலியைவிடக் குறைவு. “படிச்சவன் சம்பளம் எங்கடா?” என்று லயத்தில் கேட்டால், கேட்டவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அந்த ஒரு வருஷ அப்ரன்டிஸ் காலத்தைத் தாண்ட முடியாமல் ரிசார்ட்டில் ரூம் பாயாகப் போன எலக்ட்ரீஷியன்களை எனக்கே தெரியும். ரிசார்ட்டில் சாப்பாடு, தங்குமிடம், டிப்ஸ். அப்ரன்டிஸுக்குப் போனால் ஊர் விட்டு வாடகை.

*

இப்போது நான் வரிசையில் சொன்ன தப்பு. “டீச்சர் ஆகணும்னா டிகிரி முடிச்சு பி.எட். போடுங்கக்கா, எல்லா வகுப்புக்கும் போகலாம்” என்றேன்.

முடியாது. ஒன்றிலிருந்து ஐந்து வரை சொல்லிக்கொடுக்க டி.எல்.எட். என்கிற ரெண்டு வருஷ டிப்ளோமாதான் தகுதி. பிளஸ் டூ முடித்துச் சேர்வது. பழைய ஆட்கள் டி.டி.சி. என்பார்கள். 2018-ல் பி.எட்.காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் ஒரு அறிவிப்பு விட்டது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சின்னக் குழந்தைக்கு எழுத்துச் சொல்லித் தருவது தனி வித்தை, அதற்கென்றே பயிற்சி எடுத்தவர்தான் வேண்டும் என்பது சாரம். டிகிரியும் பி.எட்.டும் சேர்த்து ஐந்து வருஷம் படித்தவர் வெளியே, ரெண்டு வருஷ டிப்ளோமாக்காரர் உள்ளே. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

*

உள்ளே என்றால் உடனே உள்ளே இல்லை. தகுதித் தேர்வு உண்டு. கேரளத்தில் கே-டெட், வினாத்தாள் தமிழிலும் வரும். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதல் டெட் நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர். அந்த வருஷமே மறுதேர்வு வைக்கவேண்டி வந்தது.

வேலையில் இருப்பவர்களும் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர் டெட் எழுதித் தேற வேண்டும். அவகாசம்? அதுவும் ரெண்டு வருஷம்.

*

கேரள பி.எஸ்.சி. அறிவிப்புகளில் நம் ஆட்கள் கண்ணில் படாமல் போகிற ரெண்டு வரிகள். ஒன்று, ‘எல்.பி. ஸ்கூல் டீச்சர், தமிழ் மீடியம்’. இன்னொன்று, ‘கிளார்க், தமிழும் மலையாளமும் அறிந்தவர்’. இடுக்கி, பாலக்காடு மாதிரி தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிற மாவட்டங்களுக்காகவே வருபவை. இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் போட்டிக்கு வருகிற கூட்டமும் கொஞ்சம்தான். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் ரெண்டும் என்று வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான ‘கூடுதல் தகுதி’ எங்கே கிடைக்கும்? மலையாளம் எழுதப் படிக்க மட்டும் கூச்சப்படாமல் கற்றுக்கொண்டால் சரி.

*

இலங்கை மலையகத்தில் இதே கதைக்கு வேறு வடிவம். கொட்டகலைப் பக்கம் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஆசிரியராவதற்கு அது பெரிய வாசல். ரெண்டு வருஷம் கல்லூரியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருஷம் பள்ளியில் பயிற்சி.

*

டி.ஃபார்ம். ரெண்டு வருஷம், அதற்குமேல் 500 மணி நேரப் பயிற்சி. பிறகு மாநில ஃபார்மசி கவுன்சிலில் பதிவு. பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் இல்லாமல் மெடிக்கல் ஷாப் நடத்தக்கூடாது என்பது சட்டம். கடைச் சுவரில் சான்றிதழ் மட்டும் தொங்கி, ஆள் வேறு ஊரில் இருப்பது நடைமுறை. சான்றிதழை மாத வாடகைக்கு விடச் சொல்லி யாராவது வந்தால் விட்டுவிடாதீர்கள். கடையில் தப்பு நடந்தால் முதலில் மாட்டுவது சுவரில் இருக்கிற பெயர்.

*

ஏ.என்.எம். ரெண்டு வருஷம், அதில் கடைசி ஆறு மாதம் களப் பயிற்சி. பெண்களுக்கு மட்டும். பிளஸ் டூ-வில் சயன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது பலருக்குத் தெரியாது. லயத்துக்கு லயம் ஏறி இறங்கிக் குழந்தைகளின் தடுப்பூசிக் கணக்கை வைத்திருக்கிற ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ் இந்த வழியில் வருபவர்தான். ஹெல்த் இன்ஸ்பெக்டர் டிப்ளோமாவும் ரெண்டு வருஷம்.

*

2024 நவம்பரில் கேரள அரசு ஐடிஐ மாணவிகளுக்கு மாதம் ரெண்டு நாள் மாதவிடாய் விடுமுறை அறிவித்தது. நாள் முழுக்க நின்றபடியே செய்கிற பயிற்சி என்பதால், இதைக் கேட்டு முகம் சுளித்த ஆண்கள் ஒரு வாரம் வைஸ் முன்னால் நின்று பார்க்கலாம்.

*

டிராஃப்ட்ஸ்மேன் சிவில் முடித்தவருக்கு ஓவர்சியர் மாதிரி வேலைகள் உண்டு. வீட்டு பிளான் வரைந்தும் பிழைக்கலாம். ஒரு சின்னத் தடை: பள்ளிவாசல் உள்பட மூணாறு பக்கத்து சில வில்லேஜ்களில் வீடு கட்ட வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். பிளான் வரைவது ஒரு நாள், சான்றுக்கு நடப்பது மிச்ச நாளெல்லாம். இங்கே வரைந்து பழகி, தொடுபுழையில் கடை போடுவதே புத்திசாலித்தனம்.

*

எல்லை ஒரு கோடுதான், ஆனால் சலுகைக்கு அது மதில். தமிழ்நாட்டின் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், ஐடிஐ படித்தாலும் உண்டு. பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’, 2024 ஆகஸ்ட். ரெண்டுமே தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. சித்திரபுரத்துப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு போடியில் போய்ச் சேர்ந்தால் கிடைக்காது. அங்கே 71 அரசு ஐடிஐ-களை டாட்டா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோ கை, சி.என்.சி. என்று. மிஷினுக்காக மலை இறங்குவதா, உள்ளூர் ஒதுக்கீட்டுக்காக இங்கேயே இருப்பதா? வீட்டுக்கு வீடு பதில் மாறும்.

*

“டிகிரியில சேர்ந்து ரெண்டாம் வருஷம் விட்டாலும் டிப்ளோமா உண்டாமே?” 2020 தேசியக் கல்விக் கொள்கை அப்படிச் சொல்கிறது. கேரளம் 2024 ஜூலை 1 முதல் நாலு வருஷப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதில் மூணாம் வருஷம் முடித்துப் பட்டத்தோடு வெளியேறலாம். அதற்கு முன்னால் இறங்க நினைக்கிறவர்கள் டீக்கடையில் கேட்காமல் பல்கலைக்கழக விதியைக் கேளுங்கள்.

*

கனடாவில் ரெண்டு வருஷ டிப்ளோமாவுக்கு மூணு வருஷ வேலை அனுமதி என்பதுதான் ஏஜென்டுகளின் பாட்டு. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கிற கல்லூரி டிப்ளோமாக்காரர்களுக்குப் பாடப்பிரிவு நிபந்தனை வந்துவிட்டது. பட்டியலில் உள்ள துறையில் படித்திருந்தால்தான் அனுமதி. வீட்டை அடமானம் வைக்கும் முன்னால் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

*

வயரிங் தெரிந்தால் யாரும் வயர் இழுக்கலாமா? கூடாது. கேரளத்தில் அதற்கு லைசென்சிங் போர்டின் வயர்மேன் பெர்மிட் வேண்டும். பள்ளிவாசலுக்கும் ரெண்டாம் மைலுக்கும் நடுவே எத்தனை ரிசார்ட் என்று எண்ணிப் பாருங்கள். ஜூன் மழையில் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேஸ் போனால், வருகிற ஆள் கேட்டதுதான் கூலி.

*

அக்ஷயா அம்மா கடைசியில் எலக்ட்ரீஷியனுக்கும் ஃபிட்டருக்கும் விருப்பம் கொடுத்தார். பிளஸ் ஒன்னுக்கும் ஒரு விண்ணப்பம். ரசீதுகளை மார்க் லிஸ்டோடு சேர்த்து அதே பிளாஸ்டிக் கவரில் சுற்றி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மழை விடுமா என்று வாசலில் நின்றார். பையன் வரவே இல்லை. ஜீப்பில் டூரிஸ்ட்டுகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தானாம்.